வந்து போகும் உரிமை

வசந்தாமணியின் அய்யன் சின்னுசாமி இறந்துபோனது ஊருக்கே தெரியும். ஐப்பசி அடைமழையில் பந்தல் போட முடியாமல், பக்கத்து விசைத்தறிக் கூடத்தில் சனங்களை உட்காரவைத்து எடுத்த சாவு அது. நீதிமன்றத்துக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரப் பதினோரு வருடம் பிடித்தது.

எந்த ஊர் நீதிமன்றம் என்று சொல்வதற்கில்லை. சொன்னால் அவமதிப்பு ஆகிவிடும் என்கிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வசந்தாமணி கல்யாணமான மூன்றாம் வருடமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். தம்பி மருதாசலம் ரிக் லாரி வைத்திருந்தான். வருடத்தில் பத்து மாதம் சத்தீஸ்கரிலும் மகாராஷ்டிராவிலும் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருப்பான். அய்யன் படுக்கையில் விழுந்து கிடந்த ஆறு வருடமும் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, புண் வராமல் புரட்டிப் போட்டது எல்லாம் அவள்தான். சாவதற்கு ஒரு வருடம் முன்பு அவர் உயில் எழுதினார். நாலு ஏக்கரா காடு மகனுக்கு. ஓட்டு வீடும் கிணறும் அதைச் சுற்றிய ஒன்றரை ஏக்கராவும் மகளுக்கு.

மருதாசலத்துக்கு நிலம் குறைந்ததில் வருத்தமில்லை. கிணறுதான் உறுத்தியது. பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருநாள் புலம்பினான்.

"நாடு பூரா தண்ணி எடுத்துக் குடுக்கறவன் நானு. எங்கய்யன் கெணத்துல எனக்கு ஒரு கொடம் தண்ணிக்குப் பாத்தியதை இல்லீங்களா?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் மோகன்குமார். வக்கீல்.

"இருக்குதுங்க. வழக்குப் போட்டா இருக்குதுங்க" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. உயில் பொய், எழுதியபோது சின்னுசாமிக்குப் புத்தி சுவாதீனமில்லை, மகள் ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டாள் என்று பிராது தயாரானது. அதைக் கேள்விப்பட்ட வசந்தாமணி பயந்துபோய்க் கலைமணி என்ற வக்கீலைப் பார்த்தாள். "கெணத்து மோட்டாரை அவன் கழட்டாம இருந்தாப் போதுமுங்க" என்றுதான் கேட்டாள். வழக்கு முடிகிறவரை மருதாசலம் அந்த வீட்டு எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவர் தடையுத்தரவு வாங்கிக் கொடுத்தார். அக்காவும் தம்பியும் ஆங்கிலத்தில் இருந்த காகிதங்களைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்குள் மிச்சமிருந்த ஒற்றுமை அது ஒன்றுதான்.

மறுபக்கத்துக்கும் ஒரு உத்தரவு கிடைத்தது. சொத்து இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். எப்படி இருக்கிறது என்று பார்த்துவர நீதிமன்றம் ஓர் இளம் வக்கீலை ஆணையராக அனுப்பியது. அவர் ஏணி வைத்து ஏறிக் கூரையைப் பார்த்தார். பதினேழு ஓடுகள் உடைந்திருப்பதாக எழுதிக்கொண்டார்.

"மழை ஒழுகுதுங்க. மாத்திக்கிலாமுங்களா?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"மாத்துனா உத்தரவை மீறுன மாதிரி ஆயிருமுங்க. பதினேழு ஒடைஞ்சிருக்கோணும்."

ஐந்து மழைக்காலம் அவள் குண்டானும் போசியும் வைத்து மழையைப் பிடித்தாள். ஆறாவது வருடம் சித்திரையில் அடித்த சூறைக்காற்றில் பதினெட்டாவது ஓடு உடைந்தது. சொத்தின் நிலையை மாற்றிவிட்டதாக அவள்மேல் அவமதிப்பு மனு வந்தது. காற்றடித்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அந்தத் தேதியில் காற்றடித்தது உண்மை என்று சான்று வாங்கி வந்தாள். காற்று அவள் தூண்டுதலால் அடிக்கவில்லை என்பதற்குத் தனியாக ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாள். நீதிமன்றம் பெருந்தன்மையோடு மன்னித்தது. ஓட்டை மட்டும் மாற்ற விடவில்லை.

உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தவர் செல்லமுத்து. எண்பத்து மூன்று வயது. பதினான்கு முறை அவரை வரவழைத்தார்கள். நீதிபதி விடுப்பு, வக்கீல்கள் புறக்கணிப்பு, மின்சாரம் இல்லை, நீதிபதி மாற்றல், புது நீதிபதி இன்னும் வரவில்லை என்று பதினான்கு வாய்தா. பதினைந்தாம் முறை கூண்டில் ஏறி, "பாத்தனுங்க. என்ற முன்னாலதான் கையெழுத்துப் போட்டாருங்க" என்றார். நாலு நிமிஷத்தில் முடிந்தது. இறங்கும்போது, "இதைச் சொல்றதுக்குத்தானுங்களா கூப்புட்டீங்க?" என்று கேட்டார். அது கேள்வியாகப் பதிவாகவில்லை.

அடுத்து வசந்தாமணியின் முறை. டவாலி, "ஏறுங்க சாமி, பாத்து" என்று கைத்தாங்கலாகக் கூண்டில் ஏற்றிவிட்டான். மோகன்குமார் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"உங்கப்பா கடைசிக் காலத்துல யாரைப் பாத்தாலும் சாமி, சாமின்னுதான் கூப்புடுவாராமா?"

"ஆமாங்க சாமி."

"மனுசனைப் பாத்துச் சாமிங்கறவருக்குப் புத்தி தெளிவா இருந்துதுன்னு சொல்றீங்களா?"

அவள் ஊரில் பெரியவர் சின்னவர் எல்லாருமே அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"எருமைகிட்டப் பேசுவாராமே?"

"பேசுவாருங்க. படுத்த படுக்கையாக் கெடந்தாருங்க. சன்னல்ல வந்து எட்டிப் பாக்கற சீவன் அது ஒண்ணுதானுங்க."

மோகன்குமார் வெற்றியோடு நீதிபதியின் பக்கம் திரும்பினார்.

"கனம் நீதிபதி அவர்களே! ஒரு தகப்பனார். அவருக்கு ஒரே மகன். லாரி வைத்து நாலு மாநிலத்தில் தொழில் செய்கிற மகன். அப்படி ஒரு மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில், பீ மூத்திரம் அள்ளினாள் என்ற ஒரே காரணத்துக்காகக் கிணற்றைப் பெண்ணுக்கு எழுதி வைக்கிறார் என்றால், அவர் புத்தி சுவாதீனத்தோடு இருந்திருக்க முடியுமா? எனக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நன்றாகத்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. நான் அப்படி எழுதி வைப்பேனா?"

"ஆட்சேபிக்கிறேன்" என்றார் கலைமணி.

"எதை?" என்று கேட்டார் நீதிபதி.

"பொதுவாக."

பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருதாசலம் தலையைத் தூக்கவில்லை. தன் அய்யனைப் பைத்தியம் என்று நாலு பேர் முன்னால் நிரூபித்துக்கொண்டிருப்பவர் தன்னுடைய வக்கீல்தான் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

எட்டாவது வருடத்தில் ஐந்தாவது நீதிபதி வந்தார். நுணுக்கமானவர் என்று பேர். கோப்பை முதலிலிருந்து படித்த அவர், அதுவரை ஒருவரும் கவனிக்காத ஒன்றைக் கண்டுபிடித்தார். உயிலில் சின்னுசாமி என்று இருந்தது. இறப்புச் சான்றிதழில் சின்னச்சாமி என்று இருந்தது.

"இறந்தவர் சின்னச்சாமி. உயில் எழுதியவர் சின்னுசாமி" என்றார் நீதிபதி. "எழுத்துப் பிசகுதானே என்று சாதாரண மனிதன் நினைக்கலாம். நீதிமன்றம் சாதாரண மனிதன் அல்ல. சின்னுசாமி இறந்ததற்கு என் முன்னால் எந்த ஆவணமும் இல்லை. இறக்காதவருடைய உயில் எப்படி அமலுக்கு வரும்? உயிரோடு இருக்கும் ஒருவரைக் கேட்காமல் அவருடைய சொத்தைப் பிரிக்க நான் உடன்பட முடியாது. அது பெரிய அநீதி."

சின்னுசாமி இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்டார். அவருக்குச் சம்மன் போயிற்று.

அதைக் கொண்டுவந்த அமீனா வெயிலில் வியர்த்துப்போய் வாசலில் நின்றார். வசந்தாமணி மோர் கொடுத்தாள்.

"சின்னுசாமி இருக்காருங்களா?"

"எங்கய்யன் போயி எட்டு வருசமாச்சுங்க."

"எங்கீங்க போனாரு?"

அவள் காட்டின் மூலையை நோக்கிக் கை நீட்டினாள். "அந்த வேலா மரத்துக்கு அடியிலதானுங்க பொதைச்சிருக்குது."

அமீனா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்ல மனுஷன். மோரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அங்க போயி ஒட்டறதுக்குச் சட்டத்துல எடமில்லீங்க. கடைசியாக் குடியிருந்த எடத்துலதான் ஒட்டோணும்." கதவில் பசை தடவி ஒட்டினார். அறிக்கையில், 'ஆள் வீட்டில் இல்லை. எப்போது திரும்புவார் என்று மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

வாய்தா நாளில் டவாலி வராந்தாவில் நின்று கூப்பிட்டான்.

"சின்னுசாமி! சின்னுசாமி! சின்னுசாமி!"

வசந்தாமணி முன்பெஞ்சில் இருந்தாள். அந்தப் பெயரை அத்தனை சத்தமாக யாரும் கூப்பிட்டு எட்டு வருடமாகியிருந்தது. அவளை அறியாமல் கழுத்து வாசல் பக்கம் திரும்பிற்று. வரமாட்டார் என்று தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்த்தாள். பார்த்தபோது, பின்பெஞ்சில் மருதாசலமும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"ஆஜராகவில்லை" என்று எழுதினார் நீதிபதி. "அலட்சியம்."

வெளியே புங்க மரத்தடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். மருதாசலம் பக்கத்தில் வந்து நின்றான். எட்டு வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்தான்.

"நீயும் திரும்பிப் பாத்தியாக்கா?"

"பாத்தண்டா."

"வந்துருவாருன்னு நெனச்சுட்டன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் இருமினான். அந்த இருமல் அவளுக்குப் புதிதாக இருந்தது.

"என்னடா இப்புடி இருமறே?"

"பாறைத்தூசிக்கா. முப்பது வருசம் ரிக்குப் பக்கத்துலயே நின்னாச்சு. நெஞ்சுல கல்லுப் பொடி கெடக்குதுன்னு டாக்டரு சொல்றாரு." பிறகு, "எனக்கு ஊடும் வேண்டாம், கெணறும் வேண்டாம். நான் ஊட்டுக்கு வந்து போறதுக்கு வழி இருந்தாப் போதுமுக்கா" என்றான்.

"அதுக்கு எதுக்குடா சாமி கோர்ட்டு? இப்பவே வாடா."

அவர்கள் பேசியதை அப்படியே இரண்டு வக்கீல்களிடமும் போய்ச் சொன்னார்கள். கலைமணி பதறிவிட்டார். தடையுத்தரவு இருக்கும்போது மருதாசலம் கால் வைத்தால் அவனுக்குச் சிறை. கால் வைக்க விட்டால் அவளுடைய வழக்கு நாறிப்போகும். சமாதானமாகப் போவதாக ராஜி மனு போட்டு, நீதிமன்றம் அதைப் பதிவு செய்த பிறகுதான் தம்பி அக்கா வீட்டுக்கு வரலாம்.

ராஜி மனு போட்டார்கள். நீதிபதி அதை இரண்டு முறை படித்தார்.

"சமாதானம் இந்த நீதிமன்றத்துக்கு மிகவும் பிடித்தமான விஷயம்" என்றார். "அதனால்தான் அதை அவசரப்பட்டு அனுமதிப்பதில்லை. எட்டு வருடம் ஒழுங்காகச் சண்டை போட்டவர்கள் திடீரென்று சமாதானம் ஆகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் என்ன நிர்ப்பந்தம் என்று பார்க்க வேண்டும். மேலும், ராஜியில் எல்லாத் தரப்பும் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பிரதிவாதி சின்னுசாமியின் கையெழுத்து எங்கே?"

கலைமணி குனிந்து கோப்பைப் பார்த்தார். மோகன்குமார் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார்.

"அவர் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் முறைப்படி இறக்க வேண்டும்" என்றார் நீதிபதி.

முறைப்படி இறப்பதற்கு மூன்று வருடம் ஆயிற்று. சின்னுசாமியும் சின்னச்சாமியும் ஒரே ஆள்தான் என்று சான்று வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில், "யாரோட பேருல பிழையோ அவிய நேர்ல வரோணும். கைரேகை வெக்கோணும்" என்றார்கள். வசந்தாமணியும் மருதாசலமும் சேர்ந்தே அலைந்தார்கள். தாலுகா அலுவலகத்துக்கு அவனுடைய காரில் போவார்கள். அரசாங்க அலுவலகங்களில் சேர்ந்து உட்காருவதற்குத் தடையுத்தரவில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது வீட்டுக்கு எதிரே தார்ச்சாலையில் கார் நிற்கும். அங்கே ஓர் ஓடைப் பாலம் உண்டு. பாலம் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம், வழக்குச் சொத்தில் சேராது என்று கலைமணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள். மருதாசலம் அதன் கட்டைச் சுவரில் உட்கார்ந்துகொள்வான். வசந்தாமணி உள்ளே போய்க் கிணற்றுத் தண்ணீரைச் சேந்திப் போசியில் கொண்டுவருவாள். அவன் அண்ணாந்து குடிப்பான். பாதியில் இருமல் வந்துவிடும். முதுகைத் தட்டிக் கொடுப்பாள்.

மூன்றாம் வருடம் பங்குனியில் அவனால் காரைவிட்டு இறங்க முடியவில்லை. மகன் பிரபாகர்தான் ஓட்டிவந்தான். மூக்கில் குழாய், மடியில் ஆக்சிஜன் உருளை. கார்க் கண்ணாடியை இறக்கிக் கூரையையும், வாசலை ஒட்டிய முன்கூடமான ஆசாரத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஆசாரத்துல ஒரு நாளு பாயைப் போட்டுப் படுத்துக்கோணும் போல இருக்குதுக்கா."

"வாடா கண்ணு. எவன் வந்து கேக்கறான்னு பாக்கலாம். என்னைச் செயில்ல போட்டாப் போடறாங்க."

"வேண்டாக்கா. இத்தன வருசம் பொறுத்தாச்சு. தீர்ப்பு வரட்டும். எனக்காவ ஊடு உன்ற கைய உட்டுப் போயிறக் கூடாது."

அவள் கார்க் கதவைத் திறந்து கையைப் பிடித்தாள். அவன் வரவில்லை. அன்றைக்கு அவனை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று பிற்பாடு அவள் பல பேரிடம் சொன்னாள்.

சித்திரையில் சான்று வந்தது. 'சின்னச்சாமி என்கிற சின்னுசாமி.' ஐந்தாவது நீதிபதி மாற்றலாகி ஆறாவது நீதிபதி இருந்தார். "இரண்டாம் பிரதிவாதி இறந்துவிட்டதாக இன்று பதிவு செய்யப்படுகிறது. இந்த நீதிமன்றம் தன் அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது" என்றார். வசந்தாமணி வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அப்படிச் செய்ய வேண்டும் போல இருந்தது.

மறுவாரம் மருதாசலத்தைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ராஜி உங்கள் சம்மதத்தோடுதான் நடக்கிறதா என்று நீதிபதி கேட்டார். அவனால் பேச முடியவில்லை. தலையை ஆட்டினான். தலையாட்டல் பதிவில் ஏறாது என்றார்கள். குழாயைக் கழற்றிவிட்டு, "ஆமாங்க" என்றான். விசாரணை முடிந்தது. ஒரு வரியில் உத்தரவு போட்டிருக்கலாம். ஆனால் கோடை விடுமுறைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தீர்ப்பு ஜூன் மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

அக்கினி நட்சத்திரம் முடிகிற அன்று காலை மருதாசலம் இறந்துபோனான். திருச்செங்கோட்டில் அவன் வீட்டில் வைத்துதான் எடுத்தார்கள். பொறந்த ஊட்டு ஆசாரத்தில் ஒரு நாழியாவது வைத்து எடுக்கலாம் என்று வசந்தாமணி அழுதுகொண்டே கேட்டாள். பிரபாகர் கலைமணிக்குப் போன் செய்தான். உத்தரவில் 'மருதாசலம்' என்று இருக்கிறதே தவிர 'உயிருள்ள மருதாசலம்' என்று இல்லை, எதற்கு வம்பு என்றார் அவர்.

ஜூன் மாதம் நீதிமன்றம் திறந்தது. "சாவைப் பத்திப் பேச்செடுக்காதீங்க" என்று கலைமணி காதோடு சொன்னார். "சொன்னா வாரிசுகளைச் சேக்கோணும், அதுக்கு ரண்டு வருசம் ஆவும். விசாரணை முடிஞ்சு தீர்ப்புக்கு நடுவுல செத்தா, அந்தச் சாவைக் கோர்ட்டு கண்டுக்க வேண்டியதில்லீங்க. சட்டமே அப்படித்தான் இருக்குது. நமக்கு அதிர்ஷ்டமுன்னு வெச்சுக்கங்க."

நீதிபதி தீர்ப்பை வாசித்தார். வீடும் கிணறும் வசந்தாமணிக்கு. 'வாதி மருதாசலம் தன் ஆயுள் உள்ளவரை மேற்படி வீட்டுக்கு எந்த நேரத்திலும் வந்து போகவும், தங்கவும், கிணற்றுத் தண்ணீரைப் பருகவும் முழு உரிமை உடையவர். அவரை யாரும் தடுக்கக் கூடாது.' முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீதி தாமதமாகலாம். ஆனால் கடைசியில் ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்துவிடும். இந்த வழக்கு அதற்கு உதாரணம்" என்றார். மோகன்குமார் ஆமோதித்தார்.

பத்து நாள் கழித்து நீதிமன்றத்திலிருந்து வெண்ணிலா என்ற பெண் வந்தாள். வேலைக்குப் புதிது. தீர்ப்பு நிறைவேறியது என்று அறிக்கை கொடுத்தால்தான் கோப்பை மூட முடியும், அதற்காக இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும் என்றாள். அச்சடித்த படிவத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டாள்.

"வாதி மருதாசலம் வந்து போறதுக்கு வீடு இப்பத் தடையில்லாம இருக்குதுங்களாம்மா?"

வசந்தாமணி எழுந்து முன்கதவின் இரண்டு பக்கத்தையும் முழுசாகத் திறந்துவைத்தாள். "இருக்குதுங்க."

"அவரு வந்தா உள்ள உடுவீங்களா? ஆட்சேபணை ஏதாவது சொல்லுவீங்களா?"

வசந்தாமணி ஆசாரத்தின் சுவரோரம் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒழுகிய தண்ணீர் அங்கே கறை கறையாகக் காய்ந்திருந்தது.

"உடறனுங்க சாமி" என்றாள். "வரச் சொல்லுங்க."

வெண்ணிலா, 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் காட்டினாள்.